சாட்சி இல்லாத தூக்கம்

தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயை (ஸ்லீப் ஆப்னியா) கண்டறிய, காரைக்குடி வட்டாரத்தில் வீடுவீடாகப் போய் தூக்கப் பரிசோதனைக் கருவியைப் பொருத்திவிட்டு, மறுநாள் காலையில் கழற்றி எடுத்து வருவது என் வேலை. மார்பைச் சுற்றி ஒரு பட்டை, மூக்கில் மெல்லிய குழாய், விரல் நுனியில் ஆக்ஸிஜனை அளக்கும் கிளிப், அவ்வளவுதான். மூளை அலைகளையும் சேர்த்துப் பதிவு செய்யும் முழுப் பரிசோதனைக்கு மருத்துவமனையில் ஓரிரவு படுக்க வேண்டும்.

கருவியை மாட்டுவதற்கு முன் எட்டுக் கேள்விகள் உண்டு. குறட்டை, பகல் அசதி, ரத்த அழுத்தம், எடை, வயது, கழுத்துச் சுற்றளவு, ஆணா பெண்ணா என்பவற்றுக்கு நோயாளியே பதில் சொல்லிவிடலாம், அல்லது அளந்து பார்த்துவிடலாம். ‘தூக்கத்தில் உங்கள் மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா?’ என்ற கேள்விக்கு மட்டும் அவரிடம் பதில் இருக்காது. அதனால் அதை நான் வீட்டாரிடம்தான் கேட்பேன்.

தேவகோட்டைப் பக்கம் ஒரு லாரி ஓட்டுநர், “படுத்தால் கட்டைபோலத் தூங்குவேன், எனக்கு எதற்கு இதெல்லாம்?” என்றார். கதவோரம் நின்ற அவர் மனைவி மெதுவாகப் பேசினார். “குறட்டை கேட்கிறவரை எனக்குப் பயமில்லை சார். அது நிற்கும்போதுதான் பயம். எழுந்து உட்கார்ந்து நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். நெஞ்சு இழுத்துக்கொண்டே இருக்கும், மூச்சு மட்டும் வராது. பிறகு ஒரு பெரிய சத்தத்தோடு வரும்.”

நோயை இதைவிடத் துல்லியமாக எந்தப் பாடநூலும் எனக்குச் சொன்னதில்லை. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன, நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது, காற்றுவழி அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்ததும் மூளை அரைவிழிப்பாக எழுப்பிவிடுகிறது. தூங்குபவருக்கு அது நினைவில் இருப்பதில்லை. பத்து நொடிக்குக் குறையாமல் மூச்சு தடைபட்டால் ஒன்று என்று கணக்கு வைக்கிறோம். மணிக்கு 5 முறைக்குக் கீழ் என்றால் இயல்பு, 15 முதல் நடுத்தரம், 30 என்றால் தீவிரம். அந்த ஓட்டுநரின் எண் 30-ஐத் தாண்டியிருந்தது. மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம், காலைத் தலைவலி, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது எல்லாம் அவருக்கு ஏற்கெனவே இருந்தன. திருச்சி சாலையில் இரவு வண்டி ஓட்டுகிறவர் அவர். மனைவி ஆண்டுக்கணக்காகச் சொல்லி வந்திருக்கிறார், உறவினர்கள் சிரித்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பு என்னை இன்றும் கோபப்படுத்துகிறது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் பட்டாசாலையிலும் (கூடம்) வளவிலும் (உள்முற்றம்) பாய் விரித்து உறவெல்லாம் வரிசையாகப் படுப்பார்கள். யார் குறட்டை எப்படி என்பது காலையில் ஊருக்கே தெரிந்துவிடும். கேலி செய்தாலும் கேட்க ஆள் இருந்தது. இப்போது கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பெரிய வீடுகள் பலவற்றில் வயதான ஆச்சி ஒருவர் மட்டும் இருக்கிறார். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும்.

அப்படி ஒரு வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். “வேலைக்கு வருகிற பெண் விளக்கு வைத்ததும் போய்விடுவாள் தம்பி. யார் பார்க்கப்போகிறார்கள்?” என்றார் ஆச்சி. குறட்டை உண்டா என்றதற்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்தத் தொல்லை வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் அவர்களில் பலர் சொல்வது அசதி, தூக்கம் பிடிக்கவில்லை, மனம் சரியில்லை என்பதுதான். உடனே தூக்க மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். சிலவகைத் தூக்க மாத்திரைகள் மூச்சுத்தடையை இன்னும் மோசமாக்கும். அதனால் நான் சுற்றி வளைத்துக் கேட்கிறேன்: காலையில் வாய் உலர்ந்திருக்கிறதா, டிவி பார்க்கும்போது கண் சொக்குகிறதா? கடைசியாக வந்து அதே அறையில் படுத்த மகளுக்கு ஃபோன் போடுகிறேன். யாருமே இல்லையென்றால், தலைமாட்டில் கைபேசியை வைத்து இரவுச் சத்தத்தைப் பதிவு செய்யச் சொல்கிறேன்.

அந்த ஆச்சிக்கு மருத்துவர் சிபேப் எழுதினார். மூக்கில் முகமூடி வைத்து, காற்றழுத்தத்தால் தொண்டை வழியைத் திறந்தே வைத்திருக்கும் கருவி அது. சிட்னியில் காலின் சல்லிவன் குழுவினர் 1981-இல் இதை வெளியிட்டார்கள். அதற்கு முன் தீவிர நோயாளிகளுக்குத் தொண்டையில் துளையிடுவதே வழியாக இருந்தது. அதை நினைத்தால் முகமூடி ஒரு வரம். ஆனால் முதல் சில இரவுகளில் பலருக்கு மூச்சு முட்டுவது போலிருக்கும், கழற்றி எறிந்துவிடுவார்கள். பகலில் டிவி பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் மாட்டிப் பழகச் சொன்னேன். “இந்தக் கோலத்தை யாரும் பார்க்கக் கூடாது” என்று கதவைச் சாத்திவிட்டுத்தான் பழகினார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆச்சி படுக்கும் அறையில் பிளக் பாயிண்டே இல்லை. பட்டாசாலையிலிருந்து வயர் இழுத்தோம். கருவியிலுள்ள கார்டு எத்தனை மணி நேரம் மாட்டினார், காற்று எங்கே கசிந்தது, மூச்சு எத்தனை முறை நின்றது என்று காட்டுகிறது. பெரும்பாலான இரவுகளில் எண் 5-க்குக் கீழ் வந்துவிட்டது. சில இரவுகள் மட்டும் பாதியில் நின்றுபோயிருந்தன, எல்லாம் கரண்ட் போன இரவுகள். சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் பேசியிருக்கிறேன். அந்த அறைக்கு இன்வெர்ட்டர் இணைப்புக் கொடுக்க அடுத்த வாரம் எலக்ட்ரீஷியன் வருகிறார்.