முளை அடிக்கிறவன்: நாவல் எழுதும் நாட்களின் குறிப்பு

ஜூன் 3

குடிப்பழக்கம், கொல்லப்பட்ட மனைவி, பழிவாங்கும் வெறி. ரத்தக்காட்டேரிக் கதைகளில் வேட்டைக்காரனுக்குக் குறை என்று கொடுப்பது பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத்தான். படிக்கிறவருக்கு அவன்மேல் இரக்கம் வரும், பயம் வராது. எனக்கு அவனைப் பார்த்துப் பயம் வர வேண்டும். குறை அவன் தொழிலுக்குள்ளேயே இருக்க வேண்டும். குழியில் கிடப்பது வெறும் பிணம் என்று அவனுக்குத் தெரியும். ஊர் சுற்றி நிற்கிறது, கூலி பேசியாகிவிட்டது. முளையை நெஞ்சில் வைத்து அடித்துவிடுகிறான். வருடக்கணக்காக இதுதான் அவன் பிழைப்பு.

ஜூன் 5

இன்று முழுக்க 1732 ஜனவரியில் எழுதப்பட்ட அந்த ராணுவ மருத்துவ அறிக்கையோடு கழிந்தது. செர்பியாவில், அப்போது ஆஸ்திரியர் கையில் இருந்த மெத்வெஜா கிராமம். எழுதியவர் யோஹான் ஃப்ளூக்கிங்கர். ஊரில் சாவுமேல் சாவு விழ, புதைத்தவர்களைத் தோண்டிப் பார்க்க அவரை அனுப்புகிறார்கள். பழி, சில வருடங்களுக்கு முன்பே இறந்துபோன அர்னால்ட் பாவ்லேயிடம் போய் நிற்கிறது. ஒரு ரத்தக்காட்டேரி தன்னைப் பிடித்து ஆட்டியதாகவும், விடுபடுவதற்காக அதன் கல்லறை மண்ணைத் தின்று, அதன் ரத்தத்தை உடம்பில் பூசிக்கொண்டதாகவும் உயிரோடு இருந்தபோது அவன் சொல்லியிருக்கிறான். அப்புறம் வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்தான். நாற்பது நாள் கழித்துத் தோண்டி முளை அடித்தபோது உரக்க முனகினானாம்.

மண்ணைத் தின்ற அந்த இடத்தை என்னால் தாண்டவே முடியவில்லை. என் வேட்டைக்காரனும் ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒரு சிட்டிகை கல்லறை மண்ணை நாக்கில் வைத்துக்கொள்கிறான். ஊர் பார்க்கட்டும் என்று தொடங்கிய பழக்கம். இப்போது யாரும் பார்க்காதபோதும் வைத்துக்கொள்கிறான்.

ஜூன் 8

முதல் குழிக் காட்சி முடிந்தது. எதையும் மிகைப்படுத்தத் தேவைப்படவில்லை, உடம்பு அழுகும் விதமே போதும். வயிற்றில் வாயு சேர்ந்து பிணம் உப்புகிறது. மெலிந்து செத்தவன் நன்றாகச் சாப்பிட்டவன்போல் கிடக்கிறான். உள்ளிருந்து தள்ளப்பட்ட செந்நிற நீர் வாயோரம் வழிகிறது. மேல்தோல் நகத்தோடு கழன்று வர, அடியில் தெரிகிற இளஞ்சிவப்பைப் புதுத்தோல் என்கிறார்கள். முளை இறங்கினால் நெஞ்சுக்குள் அடைபட்ட காற்று தொண்டை வழியே வெளியேறி முனகலாகக் கேட்கிறது.

இவ்வளவும் அவனுக்குத் தெரியும். அதனால்தான் அடிப்பதற்கு முன் கூட்டத்தைப் பார்த்து, ‘காதைக் கொடுங்கள்’ என்கிறான். இந்த ஒரு வரியை எழுதியபின் அவனை எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. நல்லதுதான்.

ஜூன் 9

இரண்டு பத்தி எழுதி, இரண்டையும் அடித்தேன்.

ஜூன் 14

கதை எந்த வருடத்தில் நடக்கிறது என்று தீர்மானித்துவிட்டேன்: 1755. இன்றைய செக் நாட்டில் இருக்கும் மொராவியாவில் ஒரு பெண்ணின் சடலத்தைத் தோண்டி, சொந்தக் குடும்பத்தாரையே கொக்கி போட்டுக் கல்லறைத் தோட்டச் சுவரின் துளை வழியே இழுக்கவைத்து, தலையை வெட்டி எரித்தார்கள். செய்தி வியன்னாவுக்குப் போனது. ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரசாவின் மருத்துவர் ஜெரார்ட் வான் ஸ்வீட்டன், எல்லாம் அறியாமை என்று எழுதிக் கொடுத்தார். அதிகாரிகளின் அனுமதி இல்லாமல் பிணத்தைத் தோண்டவோ எரிக்கவோ கூடாது என்று ஆணை பிறந்தது.

என் வேட்டைக்காரனின் பிழைப்பு அந்த ஆணையோடு போயிற்று. அதற்குப் பிறகுதான் நிஜமான ஒன்று வருகிறது. சட்டம் சரியானது, மருத்துவர் சொன்னதும் சரி, அப்படியிருந்தும் ஒரு வீட்டில் ஒவ்வொருவராக வெளிறிச் சாகிறார்கள். இந்த முடிச்சு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஜூன் 17

ரத்தக்காட்டேரிக்கு மாளிகை கிடையாது, கறுப்பு அங்கி கிடையாது. அந்தப் பிரபு வேடத்தை 1819-இல் வெளியான ஓர் ஆங்கிலக் கதைதான் பரப்பியது. வெயில் பட்டால் சாவது அதைவிடப் புதிது, 1922-இல் ஒரு ஜெர்மன் மௌனப்படம் கொடுத்தது. செர்பியா இருக்கும் பால்கன் பகுதியின் கிராமத்துக் காட்டேரி ஒரு குடியானவன். சிவந்து, உப்பி, முதலில் தன் வீட்டுக்குத்தான் வருவான். மனைவியை, பிள்ளையை, பக்கத்து வீட்டுக்காரனைத் தேடித்தான் வருவான்.

அப்படியென்றால் கதவைத் திறப்பது யார்? அவனைப் பெற்றவள். மகன் இரவில் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எந்தத் தாய் தாழ்ப்பாளைப் போடுவாள்? நாவலின் இருட்டு முழுவதும் எனக்கு இந்தக் கதவில்தான் இருக்கிறது. கோரைப்பல்லைப் பற்றி ஒரு வரிக்குமேல் எழுதப்போவதில்லை.

ஜூன் 23

வேட்டைக்காரனும் தாயும் பேசும் காட்சி. இத்தனை நாள் ஊர்களுக்குச் சொன்ன அதே அடையாளங்களைத்தான் இவளிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது: சிவந்த முகம், வாயோரம் ரத்தம், முனகல். உண்மையைச் சொல்ல அவனிடம் வேறு சொற்களே இல்லை. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: ‘என் மூத்தவனுக்கு அடித்தாயே, அவனும் இப்படித்தானா?’

பத்து வருடத்துக்கு முன் அந்த வீட்டிலேயே கூலி வாங்கியிருக்கிறான். அவன் என்ன பதில் சொல்வான் என்று யோசித்துக்கொண்டே இரண்டு மணி நேரம் நடந்தேன். ‘ஆமாம்’ என்று பொய் சொன்னால் வீட்டுக் கதவின் சாவியைக் கொடுப்பாள், ஊர் பிழைக்கும். ‘இல்லை’ என்றால் எல்லோரும் சாவார்கள்.

‘இல்லை’ என்கிறான். அடுத்த அத்தியாயத்தை அவளுடைய கையிலிருந்து தொடங்க வேண்டும். சாவி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.