நாகப்பட்டினத்தை விட்டுப் போன ரயில் பட்டறை

தொழில்மயம் என்றாலே கோயம்புத்தூர் மில்லைச் சொல்வார்கள், டெல்டா என்றால் நெல்லோடு பேச்சு முடிந்துவிடும். நம்ம ஊர்க்காரர்களே அப்படித்தான் நினைக்கிறார்கள், அதுதான் எனக்கு ஆதங்கம். 1861-62லேயே நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்கு ரயில் வந்துவிட்டது. முதலில் அகலப்பாதை, 1870களில் அதையே குறுகலான மீட்டர் கேஜாக மாற்றினார்கள்.

மாட்டுவண்டியில் நாள்கணக்கில் போன நெல்லும் அரிசியும் துறைமுகத்துக்குச் சில மணி நேரத்தில் போனது. நிலமில்லாத கூலி ஜனங்களும் தோட்ட வேலைக்கு ஆள் சேர்க்கும் கங்காணி பேச்சை நம்பி நாகையில் கப்பலேறி மலாயா தோட்டங்களுக்குப் போனார்கள். வண்டிக்காரர்களுக்கு மிஞ்சியது வயலிலிருந்து ஸ்டேஷன் வரைக்குமான நடைதான்.

ஆனால் ரயில் கொண்டுவந்த பெரிய மாற்றம், ரயில்களைப் பழுதுபார்க்கும் பட்டறை. கூலியை மரக்காலில் நெல்லாக அளந்து வாங்கிய பூமியில், கையில் காசாகச் சம்பளம் வாங்கும் ஃபிட்டர், கொல்லர், தச்சர் என்று ஒரு புதுக்கூட்டமே நாகையில் உருவானது. மழை பெய்ததா, ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று பார்த்து இவர்கள் வேலைக்குப் போக வேண்டியதில்லை. பண்ணையார் தயவும் வேண்டாம். இது சாதாரண விஷயமில்லை.

அந்த வேலைக்குத்தான் 1928ல் ஆபத்து வந்தது. நாகை, போத்தனூர் பட்டறைகளைத் திருச்சி பொன்மலைக்குக் கொண்டுபோய் ஒன்றாக்குவது, கூடவே மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்புவது என்று தென்னிந்திய ரயில்வே கம்பெனி முடிவெடுத்தது. வருஷக்கணக்கில் இரும்படித்த ஆட்களுக்குத் தேர்வு வைத்துக் கழித்துக்கட்டப் பார்த்தார்கள். ஜூலை முழுக்க வேலைநிறுத்தம். தொழிலாளர் தலைவர்கள் சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் முன்னால் நின்றார்கள், இருவருக்கும் பத்து வருஷத் தண்டனை விதித்தார்கள். அப்பீலில் அது குறைந்தது, வேலைநிறுத்தம் மட்டும் தோற்றுப்போனது. பட்டறை பொன்மலைக்குப் போய்விட்டது. அங்கேயும் 1946 செப்டம்பர் 5ந்தேதி போராடிய தொழிலாளர்கள்மேல் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள்.

பொன்மலைத் தியாகிகளுக்கு வருஷா வருஷம் அஞ்சலி செலுத்துகிறோம், நியாயம்தான். நாகையில் வேலை இழந்தவர்கள் கதையையும் எழுதி வைக்க வேண்டும். உங்கள் வீட்டில் யாராவது அந்தப் பட்டறையில் வேலை பார்த்திருந்தால், அப்புறம் எந்த ஊருக்குப் போனார்கள், என்ன பிழைப்பு பார்த்தார்கள் என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.