மொய் நோட்டும் பத்து லட்சத்துப் பன்னிரண்டாயிரமும்

சின்ன வயதில் என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்தக் குற்றத்துக்குத் தண்டனையாக, மற்ற பிள்ளைகள் பந்தலைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் அப்பா பக்கத்தில் மொய் நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். ஊர், தகப்பனார் பெயர், பெயர், தொகை. ஊரை விட்டுவிட்டு எழுதினால் நடு மண்டையில் ஒரு குட்டு விழும். "அஞ்சு வருஷம் கழிச்சுத் திருப்பிச் செய்யப் போறப்ப எந்த ஊரு முருகேசன்னு போய்த் தேடுவே?"

பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: எங்கள் பக்கம் கல்யாணம், காதுகுத்து இல்லாமலே ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைப்போம். ஒரு குடும்பம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை வைக்கலாம். கறிச்சாப்பாடு போட்டு வந்த மொய்யில் கிணறு வெட்டியவர்கள் உண்டு, கடை வைத்தவர்கள் உண்டு. அது தானமில்லை, கடன். அவரவர் வீட்டு விருந்துக்குப் போய்ப் பழைய மொய்யைத் திருப்பிச் செய்து, மேலே கொஞ்சம் புது மொய்யும் போட்டுவிட்டு வர வேண்டும். நோட்டு தொலைந்தால் மானம் போச்சு.

இத்தனை வயசுக்கு மேல் இந்தப் பழைய கதையை ஏன் எடுக்கிறேன் என்றால், கூட்டுறவு சங்கத்தில் 31 வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்ற கையோடு ஒரு சின்ன அறக்கட்டளையின் பொருளாளர் வேலை என் தலையில் வந்து விழுந்தது. ஊரில் இன்னும் என்னை 'சொசைட்டி அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். 7 கிராமங்களில் மாலைப் படிப்பு மையம் நடத்துகிறோம். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கு ஒரு சுண்டல், ரெண்டு மணி நேரப் படிப்பு. அவ்வளவுதான் எங்கள் சாதனை.

ஒவ்வொரு ஜனவரியிலும் கமிட்டி கூடும். வரும் நிதியாண்டுக்கு எவ்வளவு வசூல் என்று குறி வைப்பதற்கு. எங்களுக்கு வருஷம் மூன்று தடவை பிறக்கும்: ஜனவரியில் காலண்டருக்கு, சித்திரையில் வீட்டுக்கு, ஏப்ரல் 1 ஆடிட்டருக்கு. போன ஞாயிறு தலைவர் வீட்டுத் திண்ணையில் மசால் வடையோடு கூட்டம். வடை ஆறுவதற்குள் ஒருவர் சொல்லிவிட்டார், "போன வருஷம் எட்டரை வந்துச்சா? இந்த வருஷம் ரவுண்டா பன்னெண்டு வைப்போம்."

இந்த 'ரவுண்டா' என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு இப்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது. 2023-24க்கு அப்படித்தான் ரவுண்டாக 15 லட்சம் வைத்தோம். ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு நிதி) அதிகாரி மையத்துக்கு வந்து, பிள்ளைகளோடு போட்டோ எடுத்துக்கொண்டு, "ஆறு லட்சம் வரை பண்ணிடலாம்" என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். அதை நம்பி 7 மையத்தை 9 ஆக்கினோம். மூன்று மாதம் கழித்து, இந்த வருஷம் எங்கள் கவனம் வேறு துறையில் என்று இரண்டு வரியில் மெயில் வந்தது. அவர்களைக் குறை சொல்லி என்ன? கம்பெனிச் சட்டப்படி முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை அவர்கள் செலவிட வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்பது அவர்கள் இஷ்டம், லாபம் சரிந்தால் அந்த 2 சதவீதமும் சரியும். வாயில் இருந்த காசைக் கையில் இருந்த காசாக எழுதியது என் தப்பு. புதிதாகத் திறந்த இரண்டு மையத்தையும் நவம்பரில் மூடினோம். அதில் ஒரு ஊரின் பிள்ளைகள் அடுத்த ரெண்டு வாரமும் சாயங்காலம் பூட்டிய சமுதாயக்கூடத்து வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள் என்று அங்கே பாடம் எடுத்த பெண் சொன்னாள். அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் இப்போதும் நான் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை.

அதனால் இந்தத் தடவை கூட்டத்துக்கு முன்னாலேயே ஒரு வேலை செய்தேன். ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளை எல்லாம் எடுத்துவைத்து, ஒரு நீள நோட்டில் ஊர் வாரியாக எழுதினேன். ஊர், தகப்பனார் பெயர், பெயர், தொகை. கை தானாக அப்படித்தான் எழுதியது. நான்கு நாள் ஆனது. மாதாமாதம் தருகிறவர்களை விட்டுவிட்டுப் பார்த்தால், 2024-25ல் கொடுத்தவர்கள் 214 பேர். அதில் இந்த நிதியாண்டில் டிசம்பர் வரை மறுபடி கொடுத்தவர்கள் 83. பாக்கி 131 பேர் எங்கே?

எத்தனை லட்சம் வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கமிட்டி, வந்தவர் ஏன் திரும்பி வரவில்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. மொய் நோட்டில் 131 பேர் விட்டுப்போயிருந்தால் அப்பா தூங்கியிருக்க மாட்டார்.

40 பேருக்குப் போன் போட்டேன். எடுத்தவுடன் காசு கேட்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு கட்டுப்பாடு. பெரும்பாலானவர்கள் சொன்ன பதில் ஒன்றுதான்: "யாரும் கேக்கலையேக்கா." ஒரு வாத்தியார் கொஞ்சம் உறைப்பாகச் சொன்னார், "ரசீது அனுப்புனீங்க. அந்தப் பிள்ளைங்க பாஸா ஃபெயிலான்னு ஒரு வார்த்தை அனுப்புனீங்களா?" அனுப்பவில்லை. மாதாமாதம் ஆட்டோபே போட்டிருந்தவர்களில் 7 பேருடையது நின்று போயிருந்தது. ஏ.டி.எம். கார்டு மாறியது, பேங்க் கணக்கு மாறியது, இப்படி. நின்றது அவர்களுக்கே தெரியாது. நாங்களாக ஒரு வாட்ஸ்அப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

இன்னொரு கூட்டம், மார்ச் மாதத்து வாத்தியார்களும் ஆபீஸ்காரர்களும். பிப்ரவரி பிறந்தாலே "அக்கா, 80ஜி ரசீது உண்டுல்ல?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். கொடுத்ததில் பாதியை வரிக்கான வருமானத்தில் கழித்துக்கொள்ளலாமே. புது வரி முறையில் அந்தக் கழிவு கிடையாது. 2025 பட்ஜெட்டில் அந்தப் புது முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே இல்லை என்று வேறு ஆகிவிட்டது. சந்தோஷமான சேதிதான், ஆனால் எங்கள் மார்ச் அறுவடை காய்ந்தது. வரி மிச்சத்துக்காகக் கொடுத்தவர் யார், பிள்ளைகளுக்காகக் கொடுத்தவர் யார் என்று இந்த வருஷம் தெரிந்துவிடும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், அதில் பிரிவு எண்கள் வேறு. "80ஜின்னு போட்டு ரசீது புக் அடிச்சுடாதீங்க" என்று ஆடிட்டர் முன்கூட்டியே சொன்னதால் 20 புத்தகத்தின் அச்சுக்கூலி தப்பித்தது.

சிங்கப்பூர்த் தம்பிகள் விஷயத்தில் எனக்குப் பழக்கமாகிவிட்ட முதல் கேள்வி, "தம்பி, பாஸ்போர்ட் எந்த ஊருது?" இந்திய பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்தைப் பேங்க் வழியாக அனுப்பினால் வாங்கிக்கொள்ளலாம். அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் நம் சொந்தக்காரரே ஆனாலும் சட்டத்துக்கு வெளிநாட்டவர். அவரிடம் வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவும் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். எங்களுக்கு இரண்டும் இல்லை. 50,000 தருகிறேன் என்ற என் பெரியம்மா பேரனிடமே வேண்டாம் என்று சொன்னேன். அவனுக்குக் கோபம். அவன் வந்து பிள்ளைகளுக்கு ஒரு நாள் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகட்டும், அதற்கு எந்தப் பதிவும் வேண்டாம்.

சரி, திண்ணைக்கு வருகிறேன். ரவுண்டுக் கணக்கை ஒதுக்கிவிட்டுக் கீழேயிருந்து கூட்டினோம். ஒரு மையத்துக்கு வருஷம் ஆசிரியைக்கு 60,000, சுண்டலுக்கு 44,000, நோட்டு, கரண்ட், சாக்பீஸ் 11,000. ஆக 1,15,000. ஏழு மையத்துக்கு 8,05,000. ஒருங்கிணைப்பாளர் சம்பளம் 1,44,000. பெட்ரோல், தணிக்கை, அச்சு எல்லாம் 63,000. மொத்தம் 10,12,000. அந்தப் பன்னிரண்டாயிரத்தைத் தூக்கிவிட்டுப் பத்தாக்கச் சொன்னார் ஒருவர். ஒருங்கிணைப்பாளர் பையனின் ஒரு மாதச் சம்பளம் அது, யாரிடம் பிடிப்பது என்று கேட்டேன். வடையை எடுத்துக்கொண்டார்.

வரவுப் பக்கம்: மாதாமாதம் தருகிற 31 பேரால் 2,22,000 வரும். ஒரு மையத்தை அந்த ஊர்ப் பள்ளியின் பழைய மாணவர்கள் ஏற்றிருக்கிறார்கள், அது 1,15,000. 83 பேரில் 75 பேரையாவது தக்கவைத்தால் ஆளுக்குச் சராசரி 3,000 வைத்து 2,25,000. இதுவரை 5,62,000. இது கையில் இருக்கிற காசு மாதிரி. விட்டுப்போன 131ல் 40 பேரைத் திரும்பக் கூட்டி வருவது, புதிதாக 60 பேர், இரண்டும் சேர்ந்து 1,90,000. கம்பெனிக்கு மனு போடுவோம், ஆனால் வந்தால்தான் கணக்கு. அந்த வரியைப் பென்சிலில் எழுதியிருக்கிறேன்.

மொய் விருந்தே வைத்துவிடலாம் என்றும் பேச்சு வந்தது. 2024ல் வயநாடு நிலச்சரிவுக்குத் திண்டுக்கல்லில் ஒரு ஓட்டல்காரர் வைத்தாரே என்றார்கள். வைத்தார், நல்ல காரியம்தான். ஆனால் இடி விழுந்தபோது கொடுப்பது வேறு, வருஷா வருஷம் சுண்டலுக்குக் கொடுப்பது வேறு. அதோடு எங்கள் பக்கம் மொய் என்று சொல்லி வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டும். ஒரு அறக்கட்டளை எத்தனை வீட்டுக் காதுகுத்துக்குப் போகும்?

மிச்சக் கணக்குக்கு வழி சொன்னது கமிட்டி இல்லை, போனில் பேசிய 40 பேரில் ஒருவர். கடைமடைக்காரர், தென்னை விவசாயி, எழுபது தாண்டியவர். கஜா புயலுக்கு முன்பு வருஷா வருஷம் தவறாமல் 5,000 கொடுத்தவர். 2018 நவம்பர் 16 விடியலில் அவர் தோப்பில் நின்ற மரங்களை எண்ண ஒரு கை விரல் போதும். புதுக் கன்று வைத்துக் காய்க்க ஐந்தாறு வருஷம் ஆனது. போன வருஷம்தான் மறுபடி 1,000 அனுப்பியிருந்தார். "மாசாமாசம்னு கேக்காதேம்மா, எனக்கு ஏது மாசம்? எனக்கு வெட்டுதான். ரெண்டு மாசத்துக்கு ஒரு வெட்டு. ஒரு மரத்தை உங்க பிள்ளைங்களுக்கு விட்டுடறேன், அதுல விழறது உங்களுது."

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வெட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு காய், வருஷத்துக்கு 70 என்று வைத்தால், காய் 20 ரூபாய் வீதம் 1,400. ஒரு மையத்தின் ஒரு நாள் சுண்டல் 200. ஒரு மரம், ஏழு நாள் சுண்டல். விவசாய வருமானத்துக்கு வரி இல்லை, அவருக்கு 80ஜி பற்றிக் கவலையும் இல்லை. நூறு மரம் கிடைத்தால் 1,40,000. தேங்காய் விலை இறங்கினால் சுண்டல் நாளும் இறங்கும், அதையும் நோட்டில் எழுதிவைத்தேன்.

இவ்வளவு கூட்டியும் 1,20,000 துண்டு விழுகிறது. ஏறக்குறைய ஒரு மையம். மறைக்காமல் அப்படியே தீர்மானத்தில் எழுதச் சொன்னேன்: எட்டாவது மையம் கிடையாது. அக்டோபர் கமிட்டிக்குள் துண்டு அடையவில்லை என்றால் பக்கத்துப் பக்கத்து ஊரான இரண்டை ஒன்றாக்குவது, அதுவும் கோடை லீவில்தான், பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு. தலைவருக்கு முகம் சுண்டிவிட்டது. கையெழுத்துப் போட்டார்.

நேற்றுச் சாயங்காலம் அந்தப் பெரியவர் தோப்புக்குப் போயிருந்தேன். "எந்த மரம்னு வந்து பாத்துட்டுப் போ" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். வாய்க்கால் ஓரமாக மூன்றாவது மரம். நெஞ்சு உயரத்தில் சுண்ணாம்பால் ஒரு வளையம் போட்டு வைத்திருக்கிறார். வளையம் காயவில்லை, என் சேலைத் தலைப்பில் ஒட்டிக்கொண்டது. புதுப் பக்கத்தில் ஊர், தகப்பனார் பெயர், பெயர் எழுதிவிட்டுத் தொகை என்ற இடத்தில் 'ஒரு மரம்' என்று எழுதினேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்துப் பார்த்தார்.

"பக்கத்துல இன்னும் இடம் இருக்கே," என்றார். "என் தம்பி தோப்பு அந்தாண்டதான் இருக்கு. வர்றியா?"