இரண்டு துடிப்புக்கு நடுவே

அப்பாவுக்கு நேற்று ஹோல்ட்டர் மாட்டினார்கள், இதயத் துடிப்பை நாள் முழுக்கப் பதிவு செய்யும் கருவி. நெஞ்சில் வயர்கள், இடுப்பில் சின்னப் பெட்டி. 24 மணி நேரம் குளிக்கக் கூடாது. ராத்திரி அவர் நாடியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூச்சை இழுத்தால் லேசாக வேகம், விட்டால் நிதானம்.

"சீரா அடிக்குதாம்மா?"

"அச்சு அசலா ஒரே மாதிரி அடிச்சாத்தான்ப்பா கவலை."

உண்மைதான். நல்ல இதயத்தில் துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி பத்துக்கணக்கான மில்லிசெகண்ட் கூடிக் குறையும். இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பு வேலை செய்வதற்கு அது அடையாளம். (தாறுமாறாக அடிப்பது வேறு விஷயம், அதற்கு உடனே டாக்டரிடம் போகணும்.) மாரடைப்பிலிருந்து பிழைத்த 808 பேரை வைத்து 1987-ல் கிளைகர் குழு வெளியிட்ட ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. 24 மணி நேரப் பதிவில் இந்த ஏற்ற இறக்கம் 50 மில்லிசெகண்டுக்குக் கீழே இருந்தவர்களுக்கு, 100-க்கு மேல் இருந்தவர்களைவிட இறப்பு அபாயம் 5 மடங்குக்கும் அதிகம். நாள்பட்ட சர்க்கரையும் நரம்பைப் பாதித்து இதைக் குறைக்கும். அப்பாவுக்குச் சர்க்கரை வந்து 20 வருஷம். என் பயமெல்லாம் அதுதான்.

காலையில் பெட்டியைக் கழற்றியாச்சு. ஸ்டிக்கர் ஒட்டிய இடமெல்லாம் வட்ட வட்டமாகச் சிவந்திருக்கு. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். ரிப்போர்ட் நாளைக்கு.