ஊற்றுக்கு மேலே

"ஊத்துக்கு மேல நாங்க நெருப்பு வைக்கிறதில்ல தம்பி."

இந்த ஒரு வரியை நான் சிங்களத்தில் சொல்லவில்லை. மற்றதையெல்லாம் சொன்னேன்.

ஊவா மலைச்சரிவு ஒன்றை மேய்ச்சலுக்கு மூடும் திட்டத்துக்காகப் பத்தரமுல்லையில் நடந்த கூட்டம், முடிய வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. மொழிபெயர்ப்பாளரை யாரும் ஏற்பாடு செய்திருக்கவில்லை. தமிழும் அரச கரும மொழி என்று 1987 முதல் அரசியலமைப்பில் இருக்கிறது; ஆனால் அன்றைக்கு அந்த அறையில் தமிழ் தெரிந்தவன் வரைபடம் போட வந்த நான் மட்டும்தான். அந்தச் சரிவில் மாடு மேய்க்கும் ஐயா இரவு பஸ்ஸில் புறக்கோட்டைக்கு வந்து, அங்கேயே முகம் கழுவிக்கொண்டு நேராக வந்திருந்தார்.

துணிப்பையிலிருந்து இரண்டு பிடி மானாப்புல்லை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று முற்றிய புல், விளிம்பு விரலைக் கீறும். மற்றது எரிந்த தூரிலிருந்து வந்த குருத்து. "முத்திருச்சின்னா மாடு வாய் வைக்காது. கொளுத்தி ஒரு மழை பெஞ்சா இது வரும். ராவுல மரையும் இதத்தான் தேடி வருது." அதற்கப்புறம்தான் ஊற்றைப் பற்றிச் சொன்னார். ஊற்றுக்குக் கீழே மட்டும், அதுவும் காற்று விழுந்த சாயங்காலம் பார்த்து, ஓரம் வெட்டிவிட்டுத்தான் கொளுத்துவார்களாம்.

தலைமை தாங்கியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மாட்டுக்குக் குருத்து வேண்டும் என்பதற்காகக் கொளுத்துகிறார்கள்" என்று சுருக்கிச் சொன்னேன். கூட்டக் குறிப்பில் அது "புல்லை எரிப்பதை மேய்ப்பவர்கள் ஒப்புக்கொண்டனர்" என்று ஏறியது. ஒப்புக்கொண்டனர் என்ற சொல்லை நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்கு இடம் விட்டவன் நான்தான்.

நேரம் இல்லை என்பது உண்மை. இன்னொன்றும் உண்மை: திட்டம் சரி என்று நான் நம்பினேன், இப்போதும் பெரும்பாலும் நம்புகிறேன். ஊவாவில் ஆடி ஆவணிக் காய்ச்சலில் பத்தனா என்கிற மலைப் புல்வெளி எரிந்தால், ஒக்டோபர் மழை வரும்போது மண்ணைப் பிடித்து வைக்க ஒன்றும் இருக்காது. மேல்மண் சாம்பலோடு உமா ஓயா ஆற்றில் இறங்கும். ரந்தம்பே நீர்த்தேக்கத்தில் வண்டல் படிவதற்கு அந்தப் பக்கத்து மண்ணரிப்பு ஒரு பெரிய காரணம். எரிய எரியப் பக்கத்துக் காட்டு ஓரமும் கொஞ்சம் கொஞ்சமாகப் புல்லாகிக்கொண்டே போகும். இதெல்லாம் நான் பாதுகாக்க நினைத்தவை. அதற்காக ஒரு வரியை விட்டால்தான் என்ன என்று அப்போது தோன்றியதோ என்னவோ. தோன்றவில்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது.

ஆனால் கோடு போட்டது என் கை. உச்சியிலிருந்து ஓடை வரை முழுச் சரிவும் மேய்ச்சலுக்கு மூடல். உச்சியில் இருக்கும் தட்டையான இடம் மட்டும் அனுமதிச் சீட்டோடு கூடாரம் அடிக்கத் திறப்பு. அதாவது ஊற்றுக்கு மேலே. கொழும்பிலிருந்து வார இறுதியில் போகிறவர்கள் அங்கேதான் விறகு மூட்டுகிறார்கள். நானே இரண்டு தடவை அந்த நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறேன். ஐயாவின் வரி அறைக்குள் விழுந்திருந்தால், ஊற்றுக்கு மேல், ஊற்றுக்குக் கீழ் என்று பிரித்துப் பார்க்க யாராவது கேட்டிருப்பார்கள். கேட்காமலும் போயிருக்கலாம். அவர் சொன்னதைத்தான் எல்லா மேய்ப்பவர்களும் செய்கிறார்களா? நான் போய்ப் பார்க்கவில்லை. போய்ப் பார்த்திருக்க வேண்டிய வேலை என்னுடையது.

அன்று மாலை வெள்ளவத்தைக்கு பஸ்ஸில் திரும்பும்போது விரலில் மானாப்புல் வாசம் இருந்தது. அந்த எலுமிச்சை வாசம் சவர்க்காரம் போட்டும் லேசில் போகவில்லை.

இந்த ஆவணியில் சரிவு எரிந்தது. உச்சியிலிருந்து இறங்கிய நெருப்பாம். கூடாரக்காரர்கள் என்கிறார் ஐயா. மாட்டுக்காரர்கள் என்கிறது அலுவலகம். அதைச் சொல்லப் போனில் அழைத்த ஐயா, மாடுகளில் இரண்டை விற்றுவிட்டதையும் சொன்னார். கோட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. போனை வைக்கப்போகும் நேரத்தில் மட்டும், "அன்னைக்கு நான் ஊத்தப் பத்திச் சொன்னத அவங்க கேட்டுக்கிட்டாங்கதானே தம்பி?" என்றார்.

"கேட்டுக்கிட்டாங்க ஐயா" என்றேன்.