குருபூஜை வாரம்: மடத்து சமையக்கட்டுலேர்ந்து

தை 18, ராத்திரி

திருவாவடுதுறை வந்து சேர்ந்தாச்சு. பெரியப்பா முன்னாடியே வந்துட்டாரு, குருபூஜை சமையல்ல அவரு கோஷ்டியும் இருக்கு, நான் கையாளு. இந்த ஆதீனத்தை, அதாவது சைவ மடத்தை, ஸ்தாபிச்ச நமசிவாய மூர்த்திகளுக்கு வருஷா வருஷம் தை அசுவதியில குருபூஜை, அதை ஒட்டியே கோமுத்தீஸ்வரர் கோயில்ல ரதசப்தமி உற்சவமும் வந்துடும், அதனால ஊருல எங்க பாத்தாலும் தோரணம், வளையல் கடை, பலூன்காரன். படுக்க எடம் உக்கிராணத்துக்கு (சாமான் வெக்கற அறை) வெளிய திண்ணையில கிடைச்சுது. கொசுவைப் பத்தி எழுத ஆரம்பிச்சா இன்னிக்கு தூங்க முடியாது.

தை 19

விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே மடம் முழிச்சுக்குது. மடத்துத் துறவிங்களான தம்பிரான் சாமிங்க குளிச்சு திருநீறு பூசி ஈரச் சடையோட பூஜைக்கு போறாங்க, அதே நேரத்துல நாங்க கோட்டை அடுப்பு பத்த வெக்கிறோம், புகையும் குங்கிலியமும் சேர்ந்து ஒரு மாதிரி வாசனை, எது எங்கேர்ந்து வருதுன்னே தெரியல. பூஜை முடிஞ்சதும் மடத்துத் தலைவரான மகாசந்நிதானத்தை விழுந்து கும்பிட்டு திருநீறு வாங்கிக்கறாங்க, அப்புறம் பந்தி, பாடம், சாயங்காலம் திரும்ப பூஜை. கூட்டமே இல்லாத புரட்டாசி மாசத்துலயும் இதே ஒழுங்குதான்னு ஒரு வயசான தம்பிரான் சாமி சொன்னாரு.

சமையக்கட்டுக்கும் சட்டம் உண்டு. படைக்கறதுக்கு முன்னாடி யாரும் ருசி பாக்கக் கூடாது. அப்ப உப்பு சரியா இருக்கான்னு எப்படி தெரியும்னு கேட்டேன். பெரியப்பா பதில் சொல்லல, சாம்பார் அண்டா மேல குனிஞ்சு ஆவியை மூஞ்சியில வாங்கினாரு, "இன்னும் அரைக் கை போடு"ன்னாரு. அவ்வளவுதான். பந்தியில ஒருத்தரும் உப்பு கேக்கல!

தை 20

பூசணி, பரங்கி, வாழைக்காய், திரும்ப பூசணி. கை பூரா கறை. இன்னிக்கு எழுத ஒண்ணும் இல்ல.

தை 21

நாளைக்கு அசுவதி. கார், வேன்னு வர ஆரம்பிச்சாச்சு, வர்றவங்கள்ல பாதி பேரு கேக்கற முதல் கேள்வி செங்கோல். 1947ல இந்த ஆதீனத்துலேர்ந்து டெல்லிக்கு கொண்டு போய் நேருகிட்ட கொடுத்தது, 2023 மே மாசம் புது பார்லிமெண்ட்ல வெச்சாங்களே அதே செங்கோல்தான். ஒருத்தர் எங்கிட்டயே வந்து "அது இங்க இல்லையா?"ன்னு கேட்டாரு. நான் கையில அருவாமணையோட உக்காந்திருக்கேன், எனக்கு என்ன தெரியும். டெல்லியில இருக்குங்க சார்னேன். ஏதோ நான்தான் ஒளிச்சு வெச்ச மாதிரி பாத்துட்டு போனாரு.

எனக்கென்னமோ செங்கோலை விட மத்த சங்கதிங்கதான் பெருசா படுது. உ.வே.சா. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட பாடம் கேட்ட மடம் இது, 1876ல பிள்ளையவர்கள் காலமானதும் இந்த ஊர்லதான், அதுக்கப்புறமும் 1880ல கும்பகோணம் காலேஜ் வேலைக்கு போற வரைக்கும் உ.வே.சா. மடத்து ஆதரவுலதான் இருந்தாரு. அதைப் பத்தி ஒரு ஆளு கேக்கல. கோயிலுக்கு உள்ள போனா திருமூலர் சந்நிதி, அங்கயும் கூட்டம் இல்ல, நிம்மதியா கும்பிட்டேன்.

மத்தியானம் கொஞ்சம் ஓய்வு கிடைச்சப்ப சீவாளி கட்டற வீட்டு வாசல்ல போய் நின்னேன். நாதஸ்வரம் நரசிங்கம்பேட்டையில ஆச்சா மரத்துல செய்றாங்க, 2022ல புவிசார் குறியீடு கூட வாங்கிட்டாங்க, ஆனா வாயில வெச்சு ஊதற சீவாளி இந்த ஊரு சரக்கு. கொறுக்குத்தட்டைங்கற நாணல் தட்டையை பதம் பண்ணி, நறுக்கி, அடியில நூல் சுத்தி இறுக்கி, நாக்குல ஈரம் பண்ணி ஒரு சின்ன "பீ". சரியில்லைன்னா ஓரமா வெச்சுட்டு அடுத்தது. ராஜரத்தினம் பிள்ளை வாசிச்ச ஊருல அது கூட இல்லாம எப்படி.

தை 22, விடிகாலைன்னு சொல்லலாம்

இன்னும் தூங்கல. காலையிலேர்ந்து குருமூர்த்தத்துல (குருவோட சமாதி) அபிஷேகம், ஓதுவார் தேவாரம், "இடரினும் தளரினும்" பாடினப்ப சமையக்கட்டுல கூட கரண்டி சத்தம் நின்னுது, சம்பந்தர் அப்பா யாகத்துக்கு ஆயிரம் பொன் வாங்கின பதிகமாச்சே, இந்தக் கோயில்ல பாடினது. அப்புறம் அடியாருங்களுக்கு சாப்பாடு போடற மாகேசுவர பூஜை. பந்தி மேல பந்தி, முதல் பந்தி சாப்பிட உக்காரும்போதே மூணாவது பந்திக்கு வடிச்சுக்கிட்டு இருக்கோம், இலை எடுக்கறவங்களும் இலை போடறவங்களும் இடிச்சுக்கறாங்க, ஒரு கட்டத்துல ரசம் தீந்துபோய் பெரியப்பா புளியை கரைச்சு என்னமோ பண்ணி கால் மணி நேரத்துல திரும்ப ரசம்னு ஒண்ணை கொண்டுவந்துட்டாரு, அதுக்குத்தான் நல்ல பேரு.

ராத்திரி பட்டணப் பிரவேசம், அதாவது பல்லக்கு ஊர்வலம். சந்நிதானம் சிவிகையில, முன்னாடி நாதஸ்வரம், தவில், வாணவேடிக்கை, வீட்டுக்கு வீடு கோலம், பூரணகும்பம். 2022ல தருமபுரம் ஆதீனத்துல மனுஷனை மனுஷன் தூக்கறதான்னு இதுக்கு முதல்ல தடை போட்டு அப்புறம் எடுத்தாங்களே, அது ஞாபகம் வந்துச்சு. பல்லக்கு தூக்கற ஒரு அண்ணன்கிட்ட மெதுவா கேட்டேன். "எங்க தாத்தா தோள் கொடுத்தது, நான் விட்டுட முடியுமா தம்பி"ன்னாரு. அவரு சொன்னதுல பொய் இல்ல. ஆனாலும் தோள்ல துண்டை மடிச்சு மடிச்சு வெச்சுக்கறதை பாத்தா எனக்கு மனசு ஒப்பல. ரெண்டும் உண்மைதான், என்ன பண்றது.

தை 23

மடத்துல அதே நேரத்துக்கு பூஜை மணி, தம்பிரான் சாமிங்க அதே ஈரச் சடை. ஊர்லதான் பலூன்காரன் காலி பண்ணிட்டான். நாங்க புளி போட்டு அண்டா தேய்க்கறோம். உக்கிராணத்துக்காரர் நோட்டை வெச்சுக்கிட்டு பாத்திரம் எண்ணறாரு, ரெண்டு ஜல்லிக்கரண்டி குறையுதாம். பெரியப்பா வைக்கோல் கட்டு வரைக்கும் தேடச் சொல்லியிருக்காரு. அது கிடைச்சாத்தான் பஸ்ஸு.