வீடியோ எடிட்டிங் படிக்கும் பிள்ளைக்கு லேப்டாப்: கேமராக் கோப்பிலிருந்து தொடங்குங்கள்

சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஊடகப் படிப்புக்கு இடம் கிடைத்தால் ஏப்ரலில் வகுப்பு. அதற்கு முன் லேப்டாப் வாங்கியாக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் என்ன நடக்கிறது என்றால், கணினிக் கண்காட்சிக்கோ சிம் லிம் சதுக்கத்துக்கோ போய், ஐ7 (பிராசசர்), ஆர்டிஎக்ஸ் (கிராஃபிக்ஸ் கார்டு) என்று ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து, கூடவே கிடைக்கும் பையையும் மவுஸையும் எண்ணி வாங்கி வருகிறார்கள். பலருக்குக் கூடவே நின்று தேர்ந்தெடுத்துக் கொடுத்த எங்களுக்கு ஒன்று உறுதியாகத் தெரியும்: பிள்ளை எந்தக் கேமராவில் எடுக்கப்போகிறது, அந்தக் கேமரா எந்த வகைக் கோப்பை எழுதும் என்பது தெரியாமல் கடைக்குப் போகக்கூடாது.

முதலில் கல்லூரியிடம் இரண்டே கேள்வி. எந்த மென்பொருளில் பாடம் நடக்கும்? மாணவர்களுக்கு எந்தக் கேமராவை இரவல் கொடுப்பார்கள்? பிரீமியர் புரோவும் டாவின்சி ரிசால்வும் விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். லேப்டாப்பைப் பொறுத்தவரை ஃபைனல் கட் மேக்கில் மட்டும்தான். ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே 4கே, நொடிக்கு 60 ஃபிரேம் (தனிப்படம்) வரை ரெண்டர் செய்யலாம், அதாவது எடிட் செய்ததை இறுதி வீடியோவாக வெளியெடுக்கலாம். முதலாம் ஆண்டுக்கு அது தாராளம். பிரீமியரைத் தயாரிக்கும் அடோபியின் உரிமத்தைக் கல்லூரி கொடுக்கிறதா, கொடுத்தால் சொந்த லேப்டாப்பிலும் போடலாமா, ஆய்வகத்தில் மட்டும்தானா என்பதையும் கேட்டுவிடுங்கள். பட்ஜெட் அதனாலேயே மாறும்.

கேமராக் கோப்பு ஏன் இவ்வளவு முக்கியம்? எச்.264, எச்.265 வகைக் கோப்புகளில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப்படமாக இருப்பதில்லை. முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களோடு ஒப்பிட்டு, மாறிய பகுதியை மட்டும் எழுதி வைத்திருக்கும். டைம்லைனில் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) ஓரிடத்தில் கிளிக் செய்தால் கணினி பல ஃபிரேம்களைப் பிரித்துக் கணக்கிட்டுத்தான் அந்த ஒரு படத்தைக் காட்டும். இந்த வேலைக்கென்றே சிப்பில் தனி மின்சுற்று உண்டு. கோப்பு வகை அந்தச் சுற்றுக்குத் தெரிந்ததாக இருந்தால் வழுக்கிக்கொண்டு ஓடும். தெரியாத வகை என்றால் முழுச் சுமையும் பிராசசர் தலையில் விழும்.

கைப்பேசி வீடியோ பெரும்பாலும் 4:2:0 வகை, அதாவது நிறத் தகவலைக் குறைத்து எழுதுவது. இன்றைய லேப்டாப் எதுவும் அதைச் சமாளிக்கும். சிக்கல் வருவது சோனி எஃப்எக்ஸ்30 போன்ற கேமராக்கள் எழுதும், நிறத் தகவல் கூடுதலாக உள்ள 10-பிட் 4:2:2 எச்.265 கோப்பில். இன்டெலின் உள்ளமை கிராஃபிக்ஸ் 11ஆம் தலைமுறையிலிருந்து இதைப் பிரிக்கும். ஆப்பிளின் எம்1 முதலான சிப்புகளும் பிரிக்கும். என்விடியாவில் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் இந்த வசதி வந்தது, 40 வரிசையில் கிடையாது. ஆகவே இந்த வசதி இல்லாத ஏஎம்டி ரைசன் பிராசசரும் ஆர்டிஎக்ஸ் 4070உம் சேர்ந்த விலை உயர்ந்த கேமிங் லேப்டாப் இந்தக் கோப்பில் திக்கித் திணறும்போது, அதைவிட மலிவான இன்டெல் லேப்டாப் ஒழுங்காக ஓட்டிக் காட்டும். அறிகுறி எளிது: பிராசசர் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டிருக்கும், கிராஃபிக்ஸ் கார்டு சும்மா இருக்கும். ஏற்கெனவே அப்படி ஒன்றை வாங்கிவிட்டவர்கள் கவலைப்பட வேண்டாம். ரிசால்விலும் பிரீமியரிலும் பிராக்ஸி உருவாக்கும் வசதி இருக்கிறது. சிறிய அளவுப் பிரதிகளை வைத்து வெட்டி ஒட்டி, ரெண்டருக்கு மட்டும் மூலக் கோப்பைப் பயன்படுத்தலாம். இரவு பிராக்ஸி ஓடவிட்டுத் தூங்கப் போய்விடலாம்.

ரேம் விஷயத்தில் எங்கள் கருத்து தெளிவானது: 16 ஜிபி குறைந்த அளவு, 32 ஜிபி சரியான அளவு. 4கே வேலைக்கு அடோபியே 32 ஜிபியைத்தான் பரிந்துரைக்கிறது. ரிசால்வில் எஃபெக்ட் செய்யும் ஃபியூஷன் பக்கத்தைப் பயன்படுத்தவும் 32 வேண்டும். மெல்லிய லேப்டாப்புகளில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கும், பிறகு கூட்டவே முடியாது. மேக்கிலும் அப்படித்தான். அதோடு அங்கே கிராஃபிக்ஸுக்கும் அதே நினைவகம்தான். கையில் இருக்கும் பணத்தில் ரேமையும் கூட்ட வேண்டும், எஸ்எஸ்டியையும் (சேமிப்பு வட்டு) கூட்ட வேண்டும் என்ற இழுபறி வந்தால் ரேமைக் கூட்டுங்கள். எஸ்எஸ்டியை வெளியே செருகிக்கொள்ளலாம்.

கிராஃபிக்ஸ் கார்டில் பார்க்க வேண்டியது அதன் சொந்த நினைவகம். ஆர்டிஎக்ஸ் 4050இல் 6 ஜிபி, 4060இல் 8 ஜிபி. 4கே டைம்லைனில் இரைச்சல் நீக்கமும் சில எஃபெக்டும் சேர்த்தால் 6 ஜிபி நிரம்பி, ரிசால்வ் பாதி ரெண்டரில் பிழை காட்டி நின்றுவிடும். இன்னொன்றைக் கடையில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. லேப்டாப் 4060 என்பது 35 வாட்டிலும் இருக்கிறது, 115 வாட்டிலும் இருக்கிறது. பெயர் ஒன்று, வேகம் வேறு.

திரையின் நிற வீச்சு "45% என்டிஎஸ்சி" என்று போட்டிருந்தால் வேண்டாம். முகத்தின் நிறம் வெளிறித் தெரியும். அதை நம்பிப் பிள்ளை சிவப்பைக் கூட்டிவைக்கும், வகுப்பறைத் திரையில் முகம் தக்காளியாக நிற்கும். நிற வீச்சு 100% எஸ்ஆர்ஜிபி, 300 நிட்ஸுக்குக் குறையாத வெளிச்சம் என்று கேளுங்கள். ஓஎல்இடி வகைத் திரை அழகு, ஆனால் எடிட்டிங் மென்பொருளின் பட்டைகள் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்பதால் தடம் பதியும் அபாயம் உண்டு. திரை தானாக அணையும் நேரத்தைக் குறைத்து வையுங்கள்.

எடையையும் மறக்க வேண்டாம். 16 அங்குல கேமிங் லேப்டாப்பும் அதன் பெரிய சார்ஜரும் சேர்ந்து மூன்று கிலோவைத் தொடும். தினமும் எம்ஆர்டியில் நின்றுகொண்டு போகும் தோளுக்கு அது நிறைய. யுஎஸ்பி-சி வழியாகவும் சார்ஜ் ஏறும் மாடலென்றால் வகுப்பு நாள்களுக்குச் சிறிய 100 வாட் சார்ஜர் போதும்.

மேக்புக் ஏரில் விசிறி இல்லை. ஐந்து நிமிடக் குறும்படத்துக்கு அருமையான கருவி. நீண்ட ரெண்டரில் சூடேறி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆப்பிள் தன் லேப்டாப்புகளுக்குச் சொல்லும் அறை வெப்ப வரம்பு 35 டிகிரி. குளிர்சாதனம் போடாத வீவக (அடுக்குமாடிக் குடியிருப்பு) அறையில், மதியம் இரண்டு மணிக்கு, அந்த வரம்பை எட்ட அதிக தூரம் இல்லை. மாதத்தில் நான்கைந்து நீண்ட ரெண்டர் இருக்கும் படிப்பென்றால் விசிறி உள்ள மேக்புக் புரோவையே வாங்கச் சொல்வோம்.

கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் விண்டோஸ் கணினியில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். மெமரி பகுதியில் வடிவம் "சோடிம்" என்றிருந்தால் ரேமை மாற்றலாம், "ரோ ஆஃப் சிப்ஸ்" என்றால் பற்றவைத்தது. ஜிபியு பகுதியில் அதன் சொந்த நினைவகம் தெரியும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்தால் அதிகபட்ச வாட் எழுதியிருக்கும். விற்பனையாளர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அவரிடம் கேட்பதைவிட இது உறுதி. பிறகு "லோக்கல் செட்டா, எக்ஸ்போர்ட் செட்டா?" என்று கேளுங்கள். வெளிநாட்டுச் சந்தைக்கு வந்த செட் விலை குறைவு, பழுதானால் இங்குள்ள சேவை மையம் ஏற்காமல் போகலாம். சொல்லும் விலையில் 9 சதவீதப் பொருள் சேவை வரி சேர்ந்திருக்கிறதா, பெட்டியைத் திறந்தபின் எத்தனை நாளுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

வெளி எஸ்எஸ்டி உடனே வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எழுதும் கேமராவின் ஒரு மணி நேரக் காட்சி 45 ஜிபி. அதையே எடிட்டிங்குக்கு எளிதான, ஆனால் பெரிய கோப்பு வகையான புரோரெஸ் 422ஆக 4கே, 25 ஃபிரேமில் மாற்றினால் 220 ஜிபிக்கு மேல் போகும். 10 ஜிபிபிஎஸ் போர்ட்டில் செருகினால் நொடிக்கு ஏறத்தாழ 1,000 எம்பி கிடைக்கும், பக்கத்திலேயே இருக்கும் 5 ஜிபிபிஎஸ் போர்ட்டில் அதில் பாதிகூட வராது. குழு வேலையில் ஒருவர் மேக், ஒருவர் விண்டோஸ் என்றால் இரண்டிலும் எழுதக்கூடிய எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் உள்ள வட்டை மேக் படிக்கும், தானாக அதில் எழுதாது.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே சோதனை. கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரையில் நிறங்களைப் போட்டு இறந்த புள்ளி (நிறம் மாறாமல் நிற்கும் புள்ளி) இருக்கிறதா பாருங்கள். பிறகு கல்லூரிக் கேமராவின் மாதிரிக் கோப்பு ஒன்றை வைத்துப் பத்து நிமிட 4கே டைம்லைன் அமைத்து, நிறத்திருத்தம் சேர்த்து, சார்ஜரில் செருகியபடியே, குளிர்சாதனம் இல்லாமல் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் மூன்று முறை தொடர்ந்து ரெண்டர் செய்யுங்கள். மூன்றாவது முறை முதல் முறையைவிட மிக அதிக நேரம் எடுத்தால் சூடு தாங்காமல் வேகம் இறங்குகிறது என்று பொருள். புகார் சொல்லுமுன் பவர் மோட் "சைலன்ட்"இல் இருக்கிறதா, மெத்தைமேல் வைத்து அடிப்பக்கக் காற்று வழி அடைபட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் மட்டும் ஓட்டினால் வேகம் குறைவது பழுதல்ல.

உண்மையிலேயே பழுதென்றால், குறையுள்ள பொருளை வாங்கியவரைப் பாதுகாக்கும் லெமன் சட்டம் துணைக்கு இருக்கிறது. 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ள இச்சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொருள் கைமாறிய நாளிலேயே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. முதலில் பழுதுபார்க்கவோ மாற்றவோ கேட்கலாம், அது நடக்காவிட்டால் விலைக் குறைப்போ பணத்தைத் திரும்பப் பெறுவதோ. கடையில் வாங்கிய பழைய கணினிக்கும் இது பொருந்தும். கேரோசல் இணையச் சந்தையில் ஒரு தனிநபரிடம் வாங்கியதற்குப் பொருந்தாது. அதனால் அங்கே வாங்கும் மேக் என்றால், பேட்டரி சுழற்சி எண்ணிக்கையை (எத்தனை முறை முழு அளவு சார்ஜ் செலவாகியிருக்கிறது என்பதை) பார்ப்பதோடு, முழுவதும் அழித்து மறுபடி தொடங்கும்போது ஏதாவது நிறுவனத்தின் பூட்டுத்திரை வருகிறதா என்பதையும் பணம் கொடுக்குமுன் விற்பவர் எதிரிலேயே பார்த்துவிடுங்கள்.